மாமியார் செய்த எண்பத்தேழு நாள்

சிலருக்குக் கோபம் பால் பொங்குகிற மாதிரி. அடுப்பை அணைத்தால் அடங்கிவிடும். டிரம்மக்காவின் கோபம் அந்த ரகம் இல்லை. அது உப்புப் போட்டு ஊறவைத்த கோபம்; பதிமூன்று வருஷம் கெடாமல் ஊறியது. அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நல்லவள், பொறுமைசாலி என்று ஆரம்பித்தால் அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டருக்கு நேர் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளுக்கு வேலை. மேலே அறுத்த கத்தியும், பிடித்த இடுக்கியும், டாக்டர்கள் கழற்றிப்போட்ட கவுன்களும் கூடைகூடையாகக் கீழே இறங்கி வரும். அவள் கழுவி, காயவைத்து, மடித்து, வட்டமான எவர்சில்வர் டிரம்களில் அடுக்கி, ஆளுயர நீராவிப் பெட்டிக்குள் ஏற்றுவாள். கதவில் எழுதியிருப்பது ஆட்டோகிளேவ். எல்லோரும் சொல்வது பாய்லர். டிரம்மின் பக்கவாட்டு ஓட்டைகளைத் திறந்துவைத்து ஏற்ற வேண்டும். வெந்து வெளியே வந்ததும் அந்தச் சூட்டிலேயே மூட வேண்டும். மூடிமேல் ஒட்டிய வெள்ளை டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால்தான் வெந்தது என்று அர்த்தம். அப்புறம் ஒரு சீட்டில் தேதி, மணி, வேகவைத்தவர் பெயர், கையெழுத்து. பதிவேட்டிலும் அதே.

அந்தச் சீட்டு இல்லாத டிரம்மைத் தியேட்டர் சிஸ்டர் விரலாலும் தொடமாட்டார். "டாக்டர் வயித்தைத் திறந்து வச்சுட்டு நிக்கட்டும், நான் இதைத் திறக்க மாட்டேன்" என்பார். ஆகவே ஊரில் யார் வயிறு அறுபட்டாலும் கீழே டிரம்மக்காவின் கையெழுத்து இருந்தாக வேண்டும். முப்பத்திரண்டு வயசில், "ஒரு மாசத்துக்குத்தான்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு மாசம் இருபத்தேழு வருஷம் நீண்டது.

நீண்ட விதம்தான் விசேஷம். தொடர்ந்து தொண்ணூறு நாள் வேலை செய்தவர் நிரந்தரம் கேட்கலாம் என்று சட்டம். அதனால் எண்பத்தொன்பது நாள் ஆனதும் அவளை வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் கழித்துப் புதிதாகச் சேர்ப்பார்கள். சட்டத்துக்குக் காது குத்துகிற வேலை. ஆனால் அந்த ஒருநாள் யாருக்கும் குடல்வால் வீங்காமல் இருக்குமா? பிரசவவலி நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுமா? பாய்லரை ஏற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே அன்றைக்கு அவள் பின்வாசல் வழியாக வந்து, அதே வேலையைச் செய்து, வேறொரு பெயரில் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்ட கிளார்க். பிற்பாடு ஹெட் கிளார்க் ஆனார். முதல் இடைவெளி நாளன்று, "வேற பேருன்னா என்ன பேரு சார்?" என்று இவள் கேட்டாள். அவர் பேனாவின் பின்பக்கத்தால் காது குடைந்தபடி யோசித்தார். பிறகு தானாகவே சிரித்துக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னார்.

"யாரு சார் இது?"

"என் மாமியார். வீட்டுல ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டாங்க. இங்கயாவது வேலை வாங்குவோம்."

அவருக்கே அந்த நகைச்சுவை ரொம்பப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு இடைவெளி நாளும் மாடிப்படியில் நின்று, "என்ன, மாமியார் வந்தாச்சா?" என்று குரல் கொடுப்பார். இவளும் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் தொண்ணூற்றோராவது நாள் புதிதாகச் சேர்க்க மாட்டார்களே.

இப்படியே ஐம்பத்திரண்டு தடவை சிரித்தாள். ஐம்பத்துமூன்றாவது தடவை சிரிக்கவில்லை.

பாய்லரின் அழுத்தமானி முள் சில வாரங்களாகவே சிக்கிக்கொண்டிருந்தது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மூன்று தாளும் கிளார்க்கின் மேஜையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கின. அன்றைக்கு முள் பூஜ்யத்தைக் காட்டியது. பெட்டிக்குள் பூஜ்யம் இல்லை. அவள் கைப்பிடியைத் திருப்பியதும் கதவு தானாகத் திறந்துகொள்ள, வலது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வெந்து போனது. போட்ட அலறலில் மேலே தியேட்டர் சிஸ்டர் கையிலிருந்த தட்டை நழுவவிட்டாராம்.

கிளார்க் ஓடி வந்தார். இவள் குழாய்க்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் குனிந்து, ரொம்ப மெதுவாக, அன்பாகவே சொன்னார்.

"இங்க பாரும்மா. இன்னைக்கு நீ வேலைக்கே வரல. வராதவளுக்கு இங்க எப்படிச் சுடும்? வீட்டுல கொதிதண்ணி கொட்டிடுச்சுன்னு சொல்லி வெளிநோயாளிச் சீட்டுப் போட்டுக்கோ. வரிசையில நிக்க வேண்டாம், நான் சொல்லிடறேன்."

கத்திச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பாள். அந்த அன்புதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. 'வீட்டில் கொதிநீர் பட்டது' என்று எழுதிய சீட்டை வாங்கி நான்காய் மடித்து வைத்துக்கொண்டாள். கை ஆறியது. தோல் மட்டும் காய்ந்த பாலாடை மாதிரி சுருங்கியே நின்றுவிட்டது. அதன் பிறகும் முப்பத்துநாலு தடவை மாமியாராக வந்து வேலை செய்தாள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. "மாமியார் வந்தாச்சா?" என்று படியில் குரல் கேட்கும்போதெல்லாம், "வந்தாச்சு சார்" என்பாள். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்வாள்.

வழக்கு வந்தது அவளுடைய ஐம்பத்துநாலாம் வயசில். பாய்லர் அறையை ஒப்பந்தக்காரரிடம் விடப் போவதாகவும், அவள் அவரிடம் புதுஆளாகச் சேர்ந்துகொள்ளலாம் என்றும் ஒரு தாள் வந்தது. பழக்கமில்லாத வேலையாட்களுக்கு மூன்று நாள் பயிற்சி உண்டு என்று அடியில் எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நிரந்தரம் கேட்டு மனு எழுதினாள். 'இப்பெயருடையவர் தொடர்ச்சியாகப் பணிபுரிந்ததாகப் பதிவு இல்லை' என்று பதில் வந்தது. கீழே ஹெட் கிளார்க்கின் கையெழுத்து.

நகல் எடுக்கும் கடைக்கு மாடியில் ஒரு வக்கீலம்மா இருந்தார். சின்ன வயசு, மேஜைக்கு மூன்று கால், நாலாவது கால் பழைய சட்டப் புத்தகங்கள். அவர் வழக்குப் போட்டார். முடியும்வரை இவளை வேலையைவிட்டு எடுக்கக்கூடாது, இடைவெளியும் விடக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதோடு ஐந்து வருஷம் வாய்தா, வாய்தா, வாய்தா. அறுபது வயசானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்குமுன் தீர்ப்பு வராவிட்டால் நிரந்தரம் என்பது கல்லறைக்குப் பூச்சு வேலை.

ஐம்பத்தொன்பதாம் வயசு பிறந்த மாதத்தில் ஆஸ்பத்திரி தன் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்தது. வக்கீலம்மா அதை உரக்கப் படித்தார். மனுதாரர் எண்பத்தேழு தடவை வேலையிலிருந்து நின்றிருக்கிறார், அந்த எண்பத்தேழு நாளும் வேறொரு பெண் பணிபுரிந்திருக்கிறார், அவர் பெயர் இன்னது. பதிவேட்டிலிருந்து யாரோ ஜூனியர் பார்த்து எழுதிய பெயர். அடியில் ஹெட் கிளார்க் உறுதிமொழி செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

டிரம்மக்கா சிரித்தாள். வக்கீலம்மா பயந்தே போய்விட்டார். இந்த ஐந்து வருஷத்தில் அவர் அந்தப் பல்லைப் பார்த்ததே இல்லை.

"அந்தப் பொம்பளை யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. அவரோட மாமியார். இப்பவும் அவர் வீட்டு ஹால்லதான் உக்காந்திருக்காங்க."

மாமியாரைப் பெயர் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? வீட்டில் அவருக்கு அவள் அத்தை, மனைவிக்கு அம்மா, தெருவுக்குப் பெரியம்மா. கேலி வாயில் இருந்தது; இருபத்தாறு வருஷத்துக்குமுன் பதிவேட்டுக்குச் சொன்ன பெயர், சொன்னவருக்கே மறந்து போயிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு மறக்கவில்லை.

வக்கீலம்மா விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அக்கா, கையெழுத்துப் போட்டது நீங்க. இன்னொருத்தர் பேர்ல. அதை நீங்களே ஒத்துக்கணும். நீதிபதி கோபக்காரரா இருந்தா, மோசடின்னு சொல்லி மனுவைத் தூக்கிப் போட்டுட்டு உங்க மேலயே கேஸ் போடச் சொல்லலாம். வேலையும் போகும், ஜெயில்கூட வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க வீட்டுக்கு வந்தால், அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து சமாதானத் தூது வந்து காத்திருந்தது. வழக்கை வாபஸ் வாங்கினால் அறுபது வயசுவரை ஒப்பந்தக்காரரிடம் உட்கார்ந்து செய்கிற வேலை தருவார்களாம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற புருஷனுக்கு வாய் ஊறியது.

"ஏத்துக்கோயேன். இன்னும் ஒரு வருஷம்தானே? எதுக்கு நெருப்போட விளையாடற?"

"ஏங்க, நெருப்பா என்கூட விளையாடிச்சு? அவன்தானே?" என்று வலது கையை நீட்டினாள்.

"எதிரிக்குச் சகுனத்தடை ஆகணும்னு உன் மூக்கை அறுத்துக்கப் போறியா?"

"மூக்கு என்னோடதுதானே. எனக்கு வேலை வேணும், அது நிஜம். அதைவிட அவன் வாயால ஒண்ணு வரணும். அன்னைக்கு நான் அங்க இருந்தேன்னு அவன் சொல்லணும். சொல்லாம அவனும் நிம்மதியா ரிடையர் ஆகக்கூடாது, நானும் ஆகமாட்டேன்."

புருஷன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முப்பத்தைந்து வருஷத்துக் குடித்தனத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

விசாரணை நாளன்று ஹெட் கிளார்க் இஸ்திரி போட்ட சட்டையில் கூண்டில் ஏறினார். வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இடைவெளி நாள்ல வேலை செஞ்சவங்களை நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருப்பேன். எத்தனையோ பேர் வர்றாங்க, போறாங்க."

"எண்பத்தேழு நாள் வந்தவங்க முகம் ஞாபகம் இல்லையா?"

"இல்லை."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியாது."

"சரி. இன்னைக்குக் காலையில நீங்க கிளம்பும்போது உங்க வீட்டு ஹால்ல ஒரு வயசான அம்மா உக்காந்திருந்தாங்களே. அவங்க பேர் என்ன?"

அவர் கையிலிருந்த பிரமாணப் பத்திரத்தின் நகலைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதை முதல் தடவையாகப் படித்தார். அவர் முகம் வெளிறிப்போவதை டிரம்மக்கா பின்பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. பொய் எதற்கு?

"பேர் ஒத்துமை ஐயா" என்றார் நீதிபதியைப் பார்த்து. "இவங்க வேற, அவங்க வேற."

அங்கேதான் கிடுக்கியில் விரலை விட்டார். வக்கீலம்மா எழுந்தார். "ஐயா, வேற ஆள் இருந்தா இவர் கூட்டிட்டு வரட்டும். அப்படி யாரும் இல்ல, என் கட்சிக்காரரும் வேலை செய்யலைன்னா, எண்பத்தேழு நாள் யாரும் எதையும் வேகவைக்கலைன்னு அர்த்தம். வேகவைக்காத கத்தியாலதான் ஆபரேஷன் நடந்திருக்கு. அந்த நாட்கள்ல ஆபரேஷன் ஆனவங்க பட்டியலைக் கேட்கலாமா?"

ஆஸ்பத்திரி வக்கீல் அவசரமாக எழுந்து பட்டியல் வேண்டாம், வேண்டாம் என்றார். நீதிபதி, முதலில் அந்த அம்மாளுக்குச் சம்மன் அனுப்பச் சொன்னார்.

அடுத்த வாய்தாவுக்கு மாமியார் வந்தார். எண்பத்திரண்டு வயசு, முட்டிவலி, ஒருபக்கம் மகள் தாங்கிப் பிடித்திருந்தாள். மருமகனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பதிவேட்டை முன்னால் விரித்து, இதெல்லாம் உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள்.

"நான் எதுக்குய்யா ஆஸ்பத்திரில துணி வேகவைக்கறேன்? என் வீட்டுலயே வெந்நீர் போட்டது கிடையாது. அதுக்குத்தான் இவருக்கு என்மேல அவ்வளவு எரிச்சல்." பக்கங்களைப் புரட்டினார். தன் பெயர், தன் பெயர், தன் பெயர். அவருக்கு ஆத்திரம் மூண்டுவிட்டது. "என் பேரை வச்சு எவ இத்தனை நாள் வேலை செஞ்சா?"

டிரம்மக்கா எழுந்து நின்றாள். வக்கீலம்மா உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தப்பிக்கலாம், அவரையும் தப்பவிட வேண்டியிருக்கும்.

"நான்தாம்மா."

"எத்தனை நாள்?"

"எண்பத்தேழு நாள்."

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை வலது கையில் வந்து நின்றது.

"ஒழுங்கா செஞ்சியா? என் பேர் கெடாம?"

"ஒரு டிரம்கூட திரும்பி வந்ததில்லம்மா."

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை, இரண்டு வாக்கியத்தையும் எழுதிக்கொண்டார். பிறகு டிரம்மக்காவைப் பார்த்து, இது பொய்க் கையெழுத்து என்று தெரிந்துதான் போட்டாயா என்று கேட்டார். "தெரிஞ்சுதான் ஐயா போட்டேன். போடலைன்னா மறுநாள் வேலை இல்ல" என்றாள். ஐந்து வருஷத்தில் அவளிடம் நீதிமன்றம் நேராகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

தீர்ப்பு அவளுக்குப் பத்து மாத வேலை பாக்கி இருக்கும்போது வந்தது. பொய்ப் பெயரில் கையெழுத்துப் போட்டது தவறு என்று அவளைக் கண்டித்தது. போட வைத்தவரைக் கண்டித்ததோடு விடாமல் இலாகா விசாரணைக்கும் அனுப்பியது. முதல்நாள் தொட்டே அவள் நிரந்தரப் பணியாளர் என்றது. பொய்யான பதிவுகள் ஒவ்வொன்றையும், அவற்றுக்குப் பொறுப்பானவரே, அவள் முன்னிலையில் திருத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரியைக் கேட்டு வாங்கச் சொன்னவள் டிரம்மக்காதான். வக்கீலம்மா, "இதுல உங்களுக்கு என்னக்கா லாபம்?" என்று கேட்டதற்கு, "உனக்குச் சின்ன வயசு" என்று மட்டும் சொன்னாள்.

குறித்த நாளன்று காலையிலேயே ஹெட் கிளார்க்கின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்தேழு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் இளைத்திருந்தார். வீட்டில் அவருக்கு இப்போது யாரும் சூடாக ஒன்றும் கொடுப்பதில்லை என்று பியூன் சொல்லியிருந்தான். கேட்டபோது இவள் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை.

பழைய பதிவேடுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஜூனியர் ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் கொண்டுவந்து, "இதுலயே வாசகம் இருக்கு சார், பேரை மட்டும் எழுதினாப் போதும்" என்றான்.

"ஸ்டாம்ப் வேண்டாம் சார்" என்றாள் டிரம்மக்கா. "கையால எழுதுங்க. நானும் கையாலதான் எழுதினேன்."

அவர் எழுதினார். மாமியார் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே டிரம்மக்காவின் முழுப்பெயர். ஓரத்தில் 'அன்று பணிபுரிந்தவர் இவரே' என்று ஒரு வரி. கீழே தன் கையெழுத்து, தேதி. ஒவ்வொன்றையும் அவள் தன் பக்கம் திருப்பிப் படித்துவிட்டே திருப்பிக் கொடுத்தாள். மின்விசிறி சுற்றியது. யாரோ ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முப்பதாவதில் அவர் விரல்களை உதறிக்கொண்டார். நாற்பதாவதில் தண்ணீர் கேட்டார். அவர் குடித்து முடிக்கும்வரை இவள் காத்திருந்தாள்.

ஐம்பத்துமூன்றாவது வந்தது. அவர் கவனிக்கவில்லை. கோடு போட்டார், பெயர் எழுதினார், அன்று பணிபுரிந்தவர் இவரே, கையெழுத்து. பக்கத்தைத் திருப்பப் போனார். அவள் வலது கையைத் தூக்கி அந்தப் பக்கத்தின்மேல் வைத்தாள். சுருங்கிய தோல் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

"இதுக்குப் பக்கத்துல இன்னும் ஒரு வரி வேணும் சார். பணி நேரத்தில், பாய்லர் அறையில், நீராவி பட்டுக் கை வெந்ததுன்னு எழுதுங்க."

"அது..." அவர் தீர்ப்பின் நகலைப் புரட்டினார். "அது தீர்ப்புல இல்லையேம்மா."

"அன்னைக்கு நான் இங்க இல்லன்னு சொன்னீங்களே, அது எந்தத் தீர்ப்புல இருந்துச்சு?"

நான்காய் மடித்த வெளிநோயாளிச் சீட்டை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தாள். மடிப்புகளில் நைந்து, தொட்டால் பிய்ந்துவிடும் போலிருந்தது. அவர் அதைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்; யாரும் வரவில்லை. பிறகு குனிந்து எழுதினார். எழுத்து கோணலாகப் போனது.

"படிங்க சார்."

"இதோ எழுதிட்டேனேம்மா."

"வாயால படிங்க."

அவர் படித்தார். அன்று பணிபுரிந்தவர் இவரே. பணி நேரத்தில், பாய்லர் அறையில், நீராவி பட்டுக் கை வெந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் சீட்டை எடுத்துக் கிழித்து, அவர் மேஜைக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையில் போட்டாள்.

அவர் பேனாவை மூடினார். கண்கள் கலங்கியிருந்தன. "தப்புத்தாம்மா. மனசு ஆறிடுச்சா? மிச்சத்துக்கு ஸ்டாம்ப் போட்டுக்கட்டுமா?"

டிரம்மக்கா நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் முப்பத்துநாலு இருக்கு சார். எழுதுங்க."